விட்டுடலாம் என்று சொன்ன மாலை

1

படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கயல் கேட்டாள். "ம்மா, இந்த ஏழு பேர்ல யாரு லீடர்னு நெனைக்கிறீங்க?"

கல்லூரியில் அவளுக்கு ஒரு பிரசெண்டேஷன். பழைய வெளிநாட்டுப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, ஒரு குழுவுக்குள் மனிதர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், யார் யாரை எப்படி மாற்றுகிறார்கள் என்று வகுப்பில் நின்று விளக்க வேண்டும். தனியாகப் பார்க்கப் போரடிக்கிறது என்று என்னையும் சோபாவில் உட்கார வைத்தாள். என் மகள் என்னை ஏதாவது ஒன்றுக்குக் கூப்பிடுவதே அபூர்வம். அடுப்பை அணைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

படம் ஜூரிகளைப் பற்றியது. நம் நாட்டில் எப்போதோ எடுத்துவிட்ட முறை அது. இந்த மலேசியாவிலும் ஒரு காலத்தில் இருந்து, பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம். சட்டம் படிக்காத சாதாரண ஆட்களை ஓர் அறையில் வைத்துப் பூட்டி, இவள் குற்றவாளியா இல்லையா என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். படத்தில் ஒரு வேலைக்காரப் பெண், முதலாளி வீட்டுக்குத் தீ வைத்துவிட்டாள் என்று வழக்கு. ஏழு பேரில் ஆறு பேருக்கு அவள்தான் செய்தாள் என்பதில் சந்தேகமே இல்லை. துணி தைக்கும் ஒருத்தி மட்டும், "நான் இன்னும் முடிவு பண்ணவில்லை" என்கிறாள். அவள் செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன் என்கிறாள். முதலிலிருந்து இன்னொரு முறை பேசலாமா என்று மட்டும் கேட்கிறாள். மற்றவர்கள் கத்துகிறார்கள், கேலி செய்கிறார்கள். ஒருவர் தன் மனைவியை நினைத்து அழுகிறார். கடைசியில் ஒவ்வொருவராக மாறுகிறார்கள்.

"தலைவர்னு உட்காந்திருக்காரே, அவர் லீடர் இல்ல. அந்தத் தையக்காரம்மாதான்" என்றேன்.

"எனக்கும் அதான். ஆனா ஏன்னு சொல்லணும்லா. அவங்க ஆர்க்யூவே பண்ணலயே?"

"கேட்டாங்க. மத்தவங்க எல்லாம் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அவங்க ஒருத்தர்தான் கேட்டாங்க."

கயல் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "வாவ், நல்லா சொல்றீங்களே ம்மா" என்று சொல்லிக் கைப்பேசியில் தட்டிக்கொண்டாள். பிறகு மீதிப் படத்தை ஓட விட்டாள். படம் முடிந்து, அந்த வேலைக்காரப் பெண் நீதிமன்றப் படிகளில் தனியாக இறங்கிப் போகிறாள். இனி எந்த வீட்டில் இவளுக்கு வேலை கொடுப்பார்கள் என்று நினைத்தேன். அப்போதுதான் செல்வத்தின் ஞாபகம் வந்தது. வந்தது என்று சொல்வது தப்பு, அது போனதே இல்லை.

2

இந்த மாதத்தோடு நான் இங்கே வந்து இருபது வருடம். மன்னார்குடியில் கல்லூரி முடித்த கையோடு கல்யாணம். மாப்பிள்ளை குணா மலாக்காவில் செங் என்ற இடத்துத் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறார், சொந்த வீடு இருக்கிறது என்றார்கள். எல்லாம் உண்மை. வீடு குருபோங்கில். வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள் இருக்கும் குடியிருப்பு. இங்கே அதைத் தாமான் என்பார்கள். எங்கள் தாமானில் பாதித் தமிழ்க் குடும்பங்கள் ஒரே ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்தவை. தோட்டத்தை விற்றபோது லயம் என்று சொல்லும் தொழிலாளர் வரிசை வீடுகளைக் காலி செய்துகொண்டு, சாமியையும் தூக்கிக்கொண்டு, ஏறக்குறைய ஒன்றாகவே இங்கு குடியேறிவிட்டார்கள். அவர்களுக்கு ஒருவரை ஒருவர் பிறந்ததிலிருந்து தெரியும். நான் 'ஊர்க்காரம்மா'. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

கல்லூரியில் நான் பட்டிமன்றப் பேச்சாளர். மேடையில் எந்த அணியில் போட்டாலும் பேசுவேன், கோப்பையோடு வீட்டுக்கு வருவேன். இங்கே வந்ததும் வாயடைத்துப் போனேன். நான் பேசுவது இவர்களுக்குச் சினிமா வசனம்போல் இருந்தது. இவர்கள் பேசுவதில் பாதி எனக்குப் புரியவில்லை. காலையில் பக்கத்து வீட்டுக்காரர், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டால் காலைச் சாப்பாட்டைக் கேட்கிறார் என்று தெரியாமல், "பசியே இல்லீங்க" என்பேன். ஒரு நவராத்திரிக்குப் பக்கத்து மலாய்க்கார அக்காவிடம் கிண்ணத்தை நீட்டி, "சுண்டல்! சுண்டல்!" என்று சிரித்தேன். அவள் முகம் மாறிவிட்டது. மலாயில் அது கெட்ட நடத்தையுள்ள பெண்ணைச் சொல்லும் வசைச்சொல் என்று குணா வந்து சொன்ன பிறகு, ஒரு வாரம் வாசல் பக்கமே நான் போகவில்லை.

விசா நீட்டிக்கும் அலுவலகத்தில் நடந்ததுதான் இன்றும் எங்கள் வீட்டுச் சிரிப்பு. ஒவ்வொரு வருடமும் கணவரோடு போய் உட்கார வேண்டும், இன்னும் இவருக்கு மனைவியாகத்தான் இருக்கிறேன் என்று காட்ட வேண்டும். ஒரு முறை அதிகாரி அம்மா என்னிடம் நேராக, "திங்கால் டெங்கான் சுவாமி?" என்று கேட்டார். கணவரோடு வசிக்கிறாயா என்பது அர்த்தம். எனக்குத் தெரிந்த 'திங்கால்' வேறு. பஸ்ஸில் குடையை மறந்து வைத்துவிட்டு வந்தால் சொல்வார்களே, அந்த 'விட்டுவிட்டு வருவது'. புருஷனை விட்டுவிட்டாயா என்று கேட்கிறார் என நினைத்து, "தீடா! தீடா!" என்று தலையை வேகமாக ஆட்டினேன். இல்லை, இல்லை என்று. அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு குணாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அன்று நாங்கள் குடும்பம் நடத்துவதை நிரூபித்து வெளியே வருவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.

வசிப்பதற்கும் விட்டுப்போவதற்கும் ஒரே சொல்லா என்று அப்போது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நம் மொழியிலும் அப்படி ஒரு சொல் காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

3

செல்வம் எங்கள் தாமானின் ஸ்கூல் வேன்காரர். அவரும் அந்தத் தோட்டத்துப் பிள்ளைதான். அப்பா அம்மா பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கயல் பாலர் பள்ளிக்குப் போன முதல் நாளிலிருந்து ஆறாம் ஆண்டு வரைக்கும் அவர் வேனில்தான் போனாள். இங்கே தமிழ்ப்பள்ளி ஒவ்வொரு தெருவிலும் இருக்காது, வேன் இல்லாவிட்டால் பல பிள்ளைகள் தமிழே படித்திருக்க மாட்டார்கள். வீட்டு வாசலில் ஒரே ஒரு ஹாரன் அடிப்பார். இரண்டாவது அடிக்க மாட்டார். பிள்ளை வரும்வரை நிற்பார்.

எனக்கு அவரோடு பேச்சுவார்த்தை குறைவு. ஆனால் நான் பேசினால் சிரிக்காத சிலரில் அவர் ஒருவர். "நீங்க பேசறது நல்லா வெளங்குதுக்கா, என்னா வேகம்தான் ஜாஸ்தி" என்பார்.

கயல் ஆறாம் ஆண்டு படித்தபோது அது நடந்தது. ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். செல்வத்தின் பக்கத்து வீட்டு மலாய் அம்மாள், வாசலில் நிறுத்தியிருந்த வேனுக்குள்ளிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டு ஓடினாள். கடைசி சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் தர்ஷினி என்ற ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை சட்டையெல்லாம் நனைந்து கிடந்தாள். இந்த ஊர் வெயிலில் பூட்டிய வேனுக்குள் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. செல்வமே அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். இரண்டு நாள் அங்கே வைத்திருந்து அனுப்பினார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டாள்.

செல்வம் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார். "பள்ளிக்கூடத்துல எல்லாம் எறங்கினதும் நான் பின்னால பாத்தேன். யாரும் இல்ல. நான் பாத்தேன்."

பிள்ளை உள்ளே இருந்திருக்கிறாளே, பிறகு எப்படி? தர்ஷினியைக் கேட்டவர்கள் எல்லோரும், "தூங்கிட்டியாம்மா?" என்றுதான் கேட்டார்கள். அவள் எல்லோருக்கும் தலையை ஆட்டினாள்.

4

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வேனில் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் மட்டும். செல்வத்தை நிறுத்துவதா, போலீசில் புகார் கொடுப்பதா என்று பேச. குணாவுக்கு அன்று ஷிஃப்ட். "நீ போய் உக்காந்துட்டு வா, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கயலையும் மற்ற பிள்ளைகளையும் எதிர் வீட்டில் விட்டுவிட்டு, பெரியவர்கள் நாங்கள் போனோம்.

மண்டபம் என்றால் மூன்று பக்கம் அரைச் சுவர், மேலே தகரக் கூரை, முன்னால் இரும்புக் கிரில். செல்வத்தை, "நீ கொஞ்சம் வெளிய இருப்பா, கூப்புடறோம்" என்று சொல்லியிருந்தார்கள். அவர் கிரிலுக்கு அந்தப் பக்கம், செருப்பு விடும் இடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெளியே என்பது அவ்வளவுதான் வெளியே.

கூட்டத்தை நடத்தியவர் ராஜு அங்கிள், குடியிருப்புச் சங்கத் தலைவர். என்னைப் பார்த்ததும், "குணா வரலயா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அடுத்தவரிடம் போய்விட்டார்.

பேச ஆரம்பித்ததுமே மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் மழை விழுந்தால் இந்த ஊரில் கல்யாணத்தில்கூட மந்திரம் கேட்காது. எல்லோரும் கத்த வேண்டியிருந்தது. கத்திச் சொல்லும்போது சாதாரணச் சந்தேகம்கூடக் குற்றச்சாட்டு ஆகிவிடுகிறது என்று அன்றுதான் பார்த்தேன்.

தர்ஷினியின் அம்மா வனஜா எழுந்து நின்றாள். மூன்று நாளாகத் தூங்காத முகம். "எம்பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா இப்ப என்னா பேசியிருப்பீங்க? பாத்தேன் பாத்தேன்னு சொல்றாரு. பாத்தா பிள்ள எப்படிலா உள்ள இருக்கும்? காத்தா வந்துச்சா?"

"அவன் கைபோன பாத்துக்கிட்டு இருந்திருப்பான்" என்றார் ஒருவர்.

"ரெண்டு ட்ரிப் அடிக்கிறான், அவசரம்" என்றார் இன்னொருவர்.

"நான் சந்தேகப்படல. ஆனா எம்பிள்ளய இனிமே எப்படி அனுப்பறது?" என்றாள் ஒருத்தி. அதன் பிறகு பேசியவர்கள் எல்லோரும், "நான் சந்தேகப்படல, ஆனா" என்றே ஆரம்பித்தார்கள். நிறைய நேரம் முதலில் பேசியவர் என்ன சொன்னாரோ அதையே அடுத்தவர் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். முதல் ஆள் கைபோன் என்று ஊகித்தது, நான்காவது ஆளிடம் வருவதற்குள் கண்ணால் பார்த்ததாக ஆகிவிட்டது.

மணியம் என்பவர் மட்டும் தூணில் சாய்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தார். லோரி ஓட்டுபவர்.

ராஜு அங்கிள் வரிசையாக ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்தார். நிறுத்திடலாம். நிறுத்திடலாம். போலீஸ் வேணாம், ஆனா நிறுத்திடலாம். என் முறை நெருங்கியது. கிரிலுக்கு வெளியே செல்வத்தின் முதுகு தெரிந்தது, தலையைக் குனிந்திருந்தார். மேடையில் எத்தனை பேரை வாயடைக்க வைத்திருக்கிறேன். இந்த ஒரு மனிதருக்காகப் பேச மாட்டேனா? எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் பட்டிமன்றம்போல வாக்கியங்களை அடுக்கினேன். இத்தனை வருடம் நம் பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்தவர். மனிதர்தானே. ஒரு தவறு யாருக்கும் வரும்.

"ஊர்க்காரம்மா, நீங்க என்னா சொல்றீங்க?"

அடுக்கியது எல்லாம் மறந்துபோனது. மழைக்கு மேல் கேட்க வேண்டுமே என்று முழுக் குரலில் கத்தினேன்.

"பாவங்க, செல்வத்த விட்டுடலாம்!"

அந்த நேரம் பார்த்து மழை நின்றது. இங்கே மழை அப்படித்தான், குழாயை மூடியதுபோல நிற்கும். என் குரல் மட்டும் மண்டபம் முழுக்க ஒலித்தது.

உடனே வனஜா, "பாத்தீங்களா? ஊர்க்கார அக்காவே சொல்லிட்டாங்க, விட்டுடலாம்னு" என்றாள்.

"இல்ல, இல்ல, நான் அப்படிச் சொல்லல" என்று நான் தடுமாறினேன். "மன்னிச்சு விட்டுடலாம்னு சொன்னேங்க. நிறுத்தறதுக்குச் சொல்லல."

"அப்ப விட்டுடறதா, வெச்சிக்கிறதா? சரியா சொல்லுங்கம்மா" என்றார் ராஜு அங்கிள். யாரோ சிரித்தார்கள். வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன், பெஞ்ச் காலியாக இருந்தது.

5

இன்னும் கால் மணி நேரம் செல்வம் பொறுத்திருந்தால் போதும்.

வனஜா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். பிள்ளை மருத்துவமனையில் எப்படி இருந்தாள், யார் யார் வந்து பார்த்தார்கள் என்று. "டீச்சர்கூட வந்தாங்க. பிள்ளயோட பேக்க அவங்கதான் பத்திரமா எடுத்தாந்து குடுத்தாங்க. அவங்களுக்கு இருக்கிற அக்கறகூட இந்த ஆளுக்கு இல்ல."

தூணில் சாய்ந்திருந்த மணியம் நிமிர்ந்தார். "வனஜா, ஒரு நிமிசம்மா. பேக்க யாரு குடுத்தா?"

"டீச்சரு."

"பேக்கு எங்க இருந்துச்சி?"

"கிளாஸ் வாசல்ல. எல்லாப் பிள்ளைங்களும் அங்கதான வெச்சிட்டுத் திடலுக்குப் போவாங்க."

"அப்ப பேக்கு பள்ளிக்கூடத்துக்குள்ள போயிருக்கு. பேக்கு தானா நடந்தா போச்சி?"

மணியம் குரலை உயர்த்தவே இல்லை. "பிள்ள எறங்கியிருக்கு. பேக்க வெச்சிருக்கு. மறுபடி வந்து ஏறியிருக்கு. ஏன் ஏறிச்சின்னு நம்ம யாரும் அதக் கேக்கல."

அப்போதே வனஜா வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் கேட்டாள். இந்த முறை தூங்கிவிட்டாயா என்று கேட்கவில்லை, "ஏம்மா திரும்பிப் போனே?" என்று கேட்டாள். "தண்ணி போத்தல்" என்றாள் குழந்தை. போத்தலை வேனில் மறந்துவிட்டு, பையை வைத்ததும் எடுக்க ஓடியிருக்கிறாள். அந்த நேரம் செல்வம் இரண்டு சின்னப் பிள்ளைகளைக் கேட் வரைக்கும் கைபிடித்துக் கூட்டிப் போயிருக்கிறார். போத்தல் சீட்டுக்கு அடியில் உருண்டுவிட்டது. அவள் குனிந்து தேடும்போது கதவு மூடிவிட்டது, வேன் கிளம்பிவிட்டது. வேன் அங்கிள் திட்டுவார் என்று பயந்து மூச்சு விடாமல் படுத்திருக்கிறாள்.

வனஜா மண்டபத்துக்குத் திரும்பி வந்து எல்லோரிடமும் இதைச் சொன்னாள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் பேச்சை மாற்றினார்கள். "நான் அப்பவே நெனச்சேன்" என்றார்கள். "அவன் நல்ல பையன்லா" என்றார்கள். யாரும் தோற்ற மாதிரி இல்லை. கைபோன் பார்த்தான் என்று சொன்னவரே, "வாங்க, போயி அவனக் கூப்புடுவோம்" என்று முதலில் எழுந்தார்.

எல்லோருமாகச் செல்வத்தின் வீட்டுக்குப் போனோம். அவர் கிரிலைத் திறக்கவில்லை. உள்ளிருந்தே கேட்டுக்கொண்டார். மணியம் சொன்னதை, வனஜா அழுததை, ராஜு அங்கிள், "தப்பா நெனச்சிக்காதப்பா, நாளைக்கே வேன எடு" என்றதை. கடைசியில், "பிள்ள நல்லா இருக்குதா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறாள் என்றதும், "சரிங்க. வேற வேன் பாத்துக்குங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

நான் கூட்டத்தின் பின்னால் நின்றேன். அண்ணே, நான் சொன்னது அந்த அர்த்தத்தில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் நடுவில் என் தமிழை இன்னொரு முறை திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நாளில் அவர் வேனை விற்றுவிட்டார், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த வருடம் கயல் இடைநிலைப் பள்ளிக்குப் போனாள். அங்கே எல்லாம் மலாய்தான். வீட்டிலும் மெல்லத் தமிழ் குறைந்தது. தமிழ்ப்பள்ளிக்குப் போன அந்த வேனோடு அவளுடைய தமிழும் போய்விட்டது என்று சில நாள் எனக்குத் தோன்றும். அது நியாயமான எண்ணம் இல்லை. இருந்தாலும் தோன்றும்.

மணியத்துக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியவில்லை என்று யோசித்திருக்கிறேன். பட்டிமன்றத்தில் அணி முதலிலேயே பிரித்துவிடுவார்கள். யாரும் எதையும் கண்டுபிடிப்பதற்காகப் பேசுவதில்லை, ஜெயிப்பதற்காகப் பேசுவோம். எதிரணி மனம் மாறிய கதையை நான் கேட்டதில்லை. அன்று மண்டபத்திலும் இரக்கம் என்று ஓர் அணியை எடுத்துக்கொண்டு அதற்கு வசனம் தேடினேனே தவிர, என்னதான் நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

6

படம் பார்த்த அடுத்த ஞாயிறு, கயல் கிளேபாங் போகலாம் என்றாள். கடற்கரைப் பக்கம். சாலையோரமெல்லாம் சாப்பாட்டுக் கடைகள், இளநீரில் ஐஸ்கிரீமைப் போட்டு அடித்துக் கொடுக்கும் ஷேக்குக்கு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். படிப்பு முடிந்ததும் கோலாலம்பூர் போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதனால் இப்போதெல்லாம் எங்கே கூப்பிட்டாலும் போய்விடுகிறேன்.

பிரபலமான கடையில் கூட்டம். தள்ளி இருந்த சின்னக் கடையில் நின்றோம். தேங்காய் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். எனக்கு முன்னால் கயல் கத்தினாள். "வேன் அங்கிள்!"

செல்வம்தான். தலை நரைத்துவிட்டது. அவளை மேலும் கீழும் பார்த்து, "கயலா? எம்மா, என்னா உயரம்!" என்று சிரித்தார். என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களாக்கா?" என்றார். மனத்தாங்கல் எதுவும் குரலில் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடையில் வேலை பார்க்கும் பெண்ணிடம் கத்தியைக் கொடுத்துவிட்டு எங்களோடு வந்து உட்கார்ந்தார். கயலின் படிப்பைக் கேட்டார். அவள் ஜூரிப் படத்தைப் பற்றி அரைத் தமிழிலும் அரை ஆங்கிலத்திலும் சொன்னாள். அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு மேல் நான் பொறுக்கவில்லை.

"அண்ணே, அன்னிக்கு மண்டபத்துல நான் விட்டுடலாம்னு சொன்னேன்ல. உங்கள நிறுத்தணும்னு சொல்லல. மன்னிச்சு விட்டுடலாம்னுதான் சொல்ல வந்தேன். அது அவங்களுக்கு வேற மாதிரி கேட்டுருச்சு. உங்களுக்கும் அப்படிக் கேட்டிருக்கும். அதுக்குள்ள நீங்க எந்திரிச்சுப் போயிட்டீங்க. இத்தனை வருஷமா இதச் சொல்லணும்னு..."

"இல்லக்கா" என்றார் செல்வம். "எனக்குச் சரியாத்தான் கேட்டிச்சி. நீங்க எப்படிப் பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? எனக்காகத்தான் பேசுனீங்க. அதான் எந்திரிச்சிப் போனேன்."

எனக்குப் புரியவில்லை.

"நிறுத்தணும்னு சொன்னவங்க கோவத்துல சொன்னாங்க. அது எனக்கு ஒன்னும் ஆவல. நீங்க கோவம் இல்லாம, பாவம், விட்டுடலாம்னு சொன்னீங்க. அப்ப, நான் பாக்கலன்னு நீங்களும் முடிவு பண்ணிட்டீங்க. என்னய நல்லா நெனைக்கிறவங்களே நம்பலன்னா, அப்புறம் அங்க ஒக்காந்து என்னாக்கா பண்றது? மன்னிப்பு நான் கேக்கல. பாத்தேன்னு சொன்னேன். அத ஒருத்தர் நம்பினா போதும்னு இருந்துச்சி." கொஞ்சம் நிறுத்தி, "கேட்டுலேருந்து திரும்பி வந்து ரெண்டாவது வாட்டி பாத்திருக்கணும். அத நான் மறக்கல. ஆனா மொதல்ல பாத்தேன்" என்றார்.

இத்தனை வருடம் ஒரு சொல் வழுக்கிவிட்டதற்காக வருந்திக்கொண்டிருந்தேன். அது வழுக்கவே இல்லை. நான் நினைத்ததைத்தான் சொல்லியிருக்கிறது.

"பாத்தீங்க அங்கிள்" என்றாள் கயல்.

இருவரும் அவளைப் பார்த்தோம். அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"அன்னிக்கு நான்தானே கடைசியா எறங்கினேன். ஷூ லேஸ் கட்டிக்கிட்டு இருந்தேன். நீங்க உள்ள ஏறி லாஸ்ட் சீட் வரைக்கும் போயி பாத்துட்டு, என் தலையில தட்டி, போம்மா லேட்டாச்சின்னு சொன்னீங்க. அப்ப உள்ள யாருமே இல்ல."

செல்வம் அவள் பக்கம் குனிந்தார். "நீ பாத்தியாம்மா?" என்றார். குரல் மாறியிருந்தது.

"பாத்தேன் அங்கிள். கன்ஃபார்ம்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைப் பெண், "பாஸ், ஐஸ் முடிஞ்சிருச்சி" என்று கூப்பிட்டாள். அவர் எழுந்து, கயலின் உச்சந்தலையில் கையை வைத்து ஒரு நொடி நின்றுவிட்டு, முகத்தை எங்களுக்குக் காட்டாமல் பின்பக்கம் போனார். வெகுநேரம் வரவில்லை. நாங்கள் கிளம்பிவிட்டோம்.

காரில் ஏறியதும் கேட்டேன். "ஏன் கயல், இத அப்பவே சொல்லல?"

அவள் பெல்ட்டை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். கோபமில்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள்.

"நீங்க யாரும் எங்ககிட்ட கேக்கலயே ம்மா. எங்கள எதிர் வீட்டுல விட்டுட்டுத்தானே போனீங்க?"